வலிப்பு மருந்தின் பக்கவிளைவு: எடைபோடும்போது எங்கே தவறுகிறோம்?

மருந்து தொடங்கி இரண்டு வாரம். பிள்ளை தொட்டதற்கெல்லாம் கத்துகிறாள், பொம்மையைத் தூக்கி எறிகிறாள். இந்த மருந்தே வேண்டாம் என்று அன்று இரவே நிறுத்திவிடத் தோன்றும். இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம், நிற்காமல் நீளலாம். 5 நிமிடம் தாண்டிய வலிப்பு என்றால் அவசர சிகிச்சைதான். மருந்தைக் குறைப்பதோ மாற்றுவதோ மருத்துவர் சொல்லும் கணக்கில்தான்.

அதற்காக, 'மருந்து என்றால் அப்படித்தான்' என்று வாயை மூடிக்கொண்டிருப்பதும் சரியில்லை. லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து சிடுசிடுப்பைக் கிளப்பும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஃபீனோபார்பிட்டால் தூக்கம் வரவைக்கும் மருந்துதான், ஆனால் சில குழந்தைகளை ஒரு இடத்தில் உட்காரவிடாது. வீட்டில் அதைக் குறும்பு என்று திட்டுவோம். டோபிராமேட் பசியைக் குறைக்கும், வியர்வையைக் குறைக்கும், பேச்சில் வார்த்தை சிக்காமல் தடுமாற வைக்கும். வால்ப்ரோயேட்டில் நேர்மாறாக எடை கூடலாம். சொன்னால்தானே அளவையோ மருந்தையோ மாற்ற முடியும்?

காத்திருக்கக் கூடாதவை வேறு. லாமோட்ரிஜின், கார்பமாசெபைன் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கூடவே காய்ச்சலோ வாய்ப்புண்ணோ இருந்தால் நேரே மருத்துவமனைக்கு. வால்ப்ரோயேட் எடுக்கும் பிள்ளைக்கு ஓயாத வாந்தி, அசாதாரணச் சோர்வு, மஞ்சள் காமாலை வந்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். 2 வயதுக்குள் இந்த ஆபத்து அதிகம்.

மற்றதற்கெல்லாம் ஒரு நோட்டு போதும். ஞாபகத்தை நம்பாதீர்கள். 'செவ்வாய்: 2.5 மில்லி, 3 மில்லி ஆனது. புதன் இரவு: வலிப்பு, 40 விநாடி. வியாழன்: வகுப்பில் தூங்கிவிட்டாள்.' இதைப் படித்தால் வியாழக்கிழமைத் தூக்கத்துக்குக் கூட்டிய அளவும் காரணமாகலாம், முந்தின இரவு வலிப்பும் காரணமாகலாம் என்று புரியும். நோட்டு இல்லையென்றால் பழி முழுக்க மருந்தின் தலையில்தான்.

அப்புறம், சமயத்தில் அது பக்கவிளைவே இல்லை, அளவுத் தவறு. புதுப் பாட்டிலில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். வீரியம் மாறியிருந்தால் பழைய மில்லி கணக்கு ஆகாது. பாட்டிலைக் குலுக்கச் சொல்லியிருந்தால் குலுக்குங்கள். இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கி, கடைசி வேளைகள் கெட்டியாக இறங்கும். சமையலறைக் கரண்டி வேண்டாம், அளவு போட்ட சிரிஞ்சு எடுங்கள்.