மேட்டூர் நீர்மட்ட ப்ராஜெக்டை வைத்து கிட் பழகலாம்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றால் மூன்று நான்கு பேர் குழு. கோடு வாட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும் கைமாறும். அதற்குப் பதில், ஃபைல்களின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) என்ற கருவியை முதல் நாளே போட்டுவிடுங்கள். எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும். லினக்ஸ் கர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய இலவசக் கருவி இது.

உதாரணத்துக்கு, மேட்டூர் அணையின் நீர்வரத்தை டிஎம்சியாக (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) மாற்றிக் காட்டும் ஒரு பைத்தான் புரோகிராமை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் நாள் முழுக்க வந்தால் சுமார் ஒரு டிஎம்சி. கணக்கு அவ்வளவுதான்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

படி 1: கிட்டை நிறுவியதும் "கிட் கன்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்" என்று அடித்து, மேற்கோள்குறிக்குள் உங்கள் பெயரைக் கொடுங்கள். அதேபோல் "யூசர்.ஈமெயில்". கல்லூரி லேப் கணினியில் '--குளோபல்' வேண்டாம். அடுத்து உட்காருபவரின் வேலையும் உங்கள் பெயரில் பதிவாகும். அங்கே படி 2 முடிந்த பிறகு, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருந்தபடி அது இல்லாமல் கொடுத்தால் போதும்.

படி 2: ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் "கிட் இனிட் -பி மெயின்" அடியுங்கள். அந்த ஃபோல்டரில் கிட் தொடங்கிவிடும்; 'மெயின்' என்பது முதன்மைக் கிளையின் பெயர்.

படி 3: பலர் தாண்டிப் போவது இதைத்தான். முதல் கமிட்டுக்கு (மாற்றங்களைக் கிட்டில் பதிவு செய்வதுதான் கமிட்) முன்பே, கிட் எதையெல்லாம் பதிவு செய்யக்கூடாது என்று சொல்லும் '.கிட்இக்னோர்' என்ற ஃபைலை உருவாக்குங்கள். பைத்தானின் விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டர், பைகேஷ் ஃபோல்டர், ஏபிஐ கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) வைத்திருக்கும் '.என்வ்' ஃபைல் ஆகியவற்றின் பெயர்களை வரிக்கு ஒன்றாக அதில் எழுதுங்கள். கீ ஒருமுறை கமிட் ஆகிவிட்டால், பிறகு ஃபைலை அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும். அப்படி ஆகி, புஷ்ஷும் செய்துவிட்டால் (அதாவது இணையத்துக்கு அனுப்பிவிட்டால்) முதல் வேலை அந்தக் கீயை ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குவது.

படி 4: "கிட் ஆட் ." கொடுத்து, "கிட் ஸ்டேட்டஸ்" மூலம் எந்தெந்த ஃபைல் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். சரி என்றால் "கிட் கமிட் -எம்", பக்கத்தில் மேற்கோள்குறிக்குள் ஒரு செய்தி. 'அப்டேட்' என்று மட்டும் எழுதுவதால் பிரயோஜனமில்லை. 'நாள் கணக்குக்கு 86,400 வினாடியால் பெருக்கினேன்' என்றால் வைவாவுக்கு முந்தைய இரவு உங்களுக்கே உதவும். கமிட் செய்ய இன்டர்நெட் தேவையில்லை. சிக்னல் இல்லாத ஊரிலும் வேலை நடக்கும்.

படி 5: கிட் ப்ராஜெக்ட்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் ப்ரைவேட் ரெப்போ (ப்ராஜெக்ட்டுக்கான இடம்) ஒன்றை, ரீட்மி ஃபைல் சேர்க்காமல் காலியாக உருவாக்குங்கள். "கிட் ரிமோட் ஆட் ஆரிஜின்" என்று அடித்துப் பக்கத்தில் அதன் முகவரி, அப்புறம் "கிட் புஷ் -யூ ஆரிஜின் மெயின்". கணக்கின் பாஸ்வேர்டு இங்கே செல்லாது; 2021 ஆகஸ்டிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸில் பிரவுசர் திறந்து லாகின் கேட்கும், இல்லாவிட்டால் பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் டோக்கன் எடுக்க வேண்டும். குழுவினரை கொலாபரேட்டராகச் சேருங்கள். அவர்கள் "கிட் க்ளோன்" மூலம் தங்கள் கணினியில் நகல் எடுத்துக்கொள்வார்கள்.

படி 6: இனி தினமும் உட்கார்ந்ததும் மற்றவர்களின் மாற்றங்களை இறக்க "கிட் புல்", எழுந்திருக்கும்முன் கமிட் செய்து "கிட் புஷ்". உங்கள் கணினி, கிட்ஹப் இரண்டு பக்கமும் புது கமிட் இருந்தால், எப்படிச் சேர்ப்பது என்று புல் கேட்டு நிற்கக்கூடும். "கிட் கன்ஃபிக் புல்.ரீபேஸ் ஃபால்ஸ்" கொடுத்துவிட்டு மறுபடி புல் செய்யுங்கள்.

ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால் கான்ஃபிளிக்ட் வரும். 'முழுக் கொள்ளளவு' என்ற வரியில் ஒருவர் 120 என்றும் இன்னொருவர் 93.47 என்றும் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். கிட் இரண்டையும் அம்புக்குறிகளுக்கு நடுவே காட்டிவிட்டு நிற்கும். முதலாவது அடி, இரண்டாவது டிஎம்சி என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒன்றை அழிப்பதும் இங்கே தவறுதான். இரண்டு வேரியபிள் வேண்டும். மாற்றியவர்கள் இருவரும் பேசி, வரியைத் திருத்தி, கிட் போட்ட குறிகளை நீக்கி, ஆட், கமிட், புஷ் செய்யுங்கள்.