வடசென்னை ஏரிகளில் தூண்டில்: எதை எடுப்பது, எதை விடுவது

ரெட்டேரி, கொரட்டூர், மாதவரம் என்று எந்தக் கரையில் தூண்டில் போட்டாலும் முதலில் மாட்டுவது பெரும்பாலும் ஜிலேபி (திலேப்பியா) மீன்தான். சின்னதாக இருந்தால் "பொழைச்சுப் போ" என்று திரும்பத் தண்ணீரில் விடுவார்கள். விரால் மாட்டினால் நேராகப் பைக்குள் போகும். ஏரி நன்றாக இருக்க வேண்டுமென்றால் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஜிலேபி எவ்வளவு சின்னதானாலும் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது. விரால், குறிப்பாகக் குஞ்சோடு இருக்கும் விரால், கண்டிப்பாகத் திரும்ப வேண்டும். ஜிலேபிக் குஞ்சைத் தின்று அடக்கி வைக்கும் நாட்டு மீன்களில் முதல் இடம் விராலுக்குத்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். புழலும் சோழவரமும் குடிநீர் ஏரிகள். அங்கே அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். மற்ற ஏரிகளிலும் மீன்பிடிக் குத்தகை இருக்கலாம், கரையில் உள்ளவர்களிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஜிலேபிக்குத் தூண்டில்

ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும், குஞ்சு நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். ஆண்டுக்குப் பல முறை முட்டையிடும். நெரிசல் கூடினால் உடம்பு வளராமல், விரல் நீளத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். "பெருசை எடுத்துக்கிட்டு சின்னதை விட்டுடலாம்" என்ற வழக்கமான நியாயம் இந்த மீனிடம் எடுபடாததற்கு இதுதான் காரணம். விட்ட சின்னதே அடுத்த மாதம் முட்டையிடும்.

6 அல்லது 7 அடி லைட் ராடு, 2000 அல்லது 2500 அளவு ரீல், 0.20 முதல் 0.25 மி.மீ. நைலான் லைன் போதும். ஜிலேபிக்கு வாய் சின்னது, அதனால் 8 அல்லது 10-ஆம் எண் முள் போடுங்கள். பெரிய முள் போட்டால் இரையை மட்டும் கொறித்துவிட்டுப் போகும், தக்கை ஆடிக்கொண்டே இருக்கும், மீன் வராது. மெல்லிய பேனாத் தக்கையை முள்ளிலிருந்து 2 அடி மேலே கட்டி, தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு எடை கொடுங்கள். எடை குறைந்தால் தக்கை படுத்துக்கொள்ளும், கடிப்பது தெரியாது.

இரைக்கு மண்புழுவே சிறந்தது. மாவு என்றால் கோதுமையும் மைதாவும் சம அளவு எடுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து, பட்டாணி அளவில் உருட்டுங்கள். இளகிப்போனால் வீசும்போதே உதிரும். கரையோர ஆழமில்லாத இடத்தில் வட்ட வட்டமாகக் குழி தெரிந்தால் அது ஆண் ஜிலேபி தோண்டிய கூடு. அதன் ஓரத்தில் இரையை இறக்கினால் உடனே அடிக்கும். வாயில் முட்டை வைத்திருக்கும் பெண் மீன் பெரும்பாலும் இரை எடுக்காது. தப்பித் தவறி மாட்டினால் முட்டையையும் குஞ்சையும் துப்பும். அதனால் மீனைத் தண்ணீருக்கு மேலேயே தொங்கவிடாமல் சட்டென்று கரைக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

பிடித்ததைக் குழம்பு வைப்பதா வேண்டாமா என்பது ஏரியைப் பொறுத்தது. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் ஏரியின் மீனைச் சாப்பிடாதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் போல மணம் வந்தால் அது எவ்வளவு மசாலாவிலும் போகாது. மணம் இல்லை என்பதற்காக உலோகக் கழிவு இல்லை என்று அர்த்தமும் இல்லை. அப்படிப்பட்ட மீனைக் கரையில் வீசாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

விரால்: பிடிக்கலாம், ஆனால் இப்படி

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். மூச்சு வாங்க மேலே வரும்போது தண்ணீர் லேசாகக் கொப்பளிக்கும். ஆகாயத்தாமரை ஓரங்களில் அந்தக் கொப்பளிப்பைப் பார்த்து, ரப்பர் தவளையை (தவளை வடிவப் போலி இரை) அதைத் தாண்டி வீசி, மெதுவாக இழுத்து வாருங்கள். இங்கே நைலான் தாங்காது, 30 அல்லது 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய லைன்) வேண்டும். அடித்தவுடன் ராடைத் தூக்காதீர்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணி, லைன் இறுகியதும் தூக்குங்கள். அவசரப்பட்டால் தவளை மட்டும் திரும்பி வரும்.

தண்ணீர் மேல் சிவப்பு ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கான சின்னப் புழுக்கள் துள்ளுவது போலத் தெரிந்தால் அது விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் பெற்ற மீன் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டால் அது பசியால் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற அடிக்கும், எளிதாக மாட்டும். எளிது என்பதாலேயே பலர் அதைத் தேடிப் போகிறார்கள். காவல் மீன் போனதும் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையே போய்விடுகிறது. குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போங்கள். இதில் எந்தச் சமாதானமும் செய்துகொள்ள வேண்டாம்.

திரும்ப விடவே கூடாத மற்ற இரண்டு

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கே நாட்டில் தடை இருக்கிறது. நம் நாட்டுத் தேளி மீனும் அதே சாயல்தான், ஆனால் அது சிறியது. ஒரு கிலோவைத் தாண்டி, உடம்பில் திட்டுத் திட்டாக நிறம் இருந்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது டேங்க் கிளீனர், தொட்டிப் பாசியைத் தின்ன வளர்க்கும் வண்ணமீன். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் ஒரு அடிக்கு வளர்ந்துவிட்ட டேங்க் கிளீனரைக் கொல்ல மனம் வராமல் ஏரியில் விடுகிறார்கள். அது கரையைக் குடைந்து வளை செய்து முட்டையிடும், கரை மண் சரியும். அதன் ஓடு வலையைக் கிழிக்கும். வெறும் கையால் பிடிக்காதீர்கள், துடுப்பு முள் விரைத்து நின்று குத்தும். ஈரச் சாக்கில் சுற்றிப் பிடியுங்கள். கரையில் போட்டால் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இதுவும் தண்ணீர் இல்லாமல் பல மணி நேரம் தாங்கும். கண்ணுக்குச் சற்றுப் பின்னால் கட்டையால் ஓங்கி ஒரே அடி, அதுதான் அதற்கும் வேதனை குறைந்த வழி.

வெளி மீனை ஏரியில் விடுவது எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தராது. அமெரிக்காவின் வரிப் பாஸ் அட்லாண்டிக் கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் மீன். தெற்குக் கரோலினாவில் சான்டீ கூப்பர் அணை 1941-இல் மூடப்பட்டபோது உள்ளே சிக்கியவை நன்னீரிலேயே பெருகின. அதைப் பார்த்துப் பிற மாநிலங்களும் தங்கள் நீர்த்தேக்கங்களில் விட்டன. ஆனால் அதன் முட்டை இரண்டு நாள் போல ஓடும் நீரில் மிதந்தால்தான் பொரியும், அடியில் படிந்தால் செத்துவிடும். அதனால் பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் அது தானாகப் பெருகாது. குஞ்சு விடுவதை நிறுத்தினால் எண்ணிக்கை குறைந்துவிடும். நம் எண்ணூர்க் கழிமுகத்துக் கொடுவாவும் நன்னீரில் வளரும், ஆனால் முட்டையிட உப்பு நீர் வேண்டும். ஜிலேபியும் டேங்க் கிளீனரும் அப்படி அல்ல. ஒரு முறை ஏரிக்குள் போய்விட்டால் அங்கேயே பெருகும், பிறகு நிறுத்த வழியே இல்லை.

உயிரோடு திரும்ப விடுவது

வரிப் பாஸ் பிடிப்பவர்களிடம் கற்றுக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. கோடையில் பிடித்து விட்ட மீன் நீந்திப் போவது போலத் தெரியும், பிறகு செத்து மிதக்கும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதுதான் காரணம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் போல ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஏரிகளின் மே மாதத்துத் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். விரால் காற்றைக் குடித்துச் சமாளிக்கும், கட்லாவும் ரோகுவும் சமாளிக்காது. எனவே கோடையில் காலை 8 மணிக்கு மேல் தூண்டிலை எடுத்துவிடுங்கள். பச்சைப் பாசி மண்டிய ஏரியில் விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்றைக்குத் தூண்டிலே போடாதீர்கள்.

இரண்டாவது, முள். இரை வைத்து வரிப் பாஸ் பிடித்தால் சர்க்கிள் ஹூக் கட்டாயம் என்று அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் 2021-இல் விதி வந்தது. நுனி உள்நோக்கி வளைந்த அந்த முள் வயிற்றில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் அதையே போடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும், நிதானமாக ரீலைச் சுற்றினால் தானே பதியும். முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டும் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்ற இரண்டு நொடிதான்.

கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள், சூடான கல்லில் கிடத்தாதீர்கள். போட்டோ எடுப்பதானால் மொபைல் தயாரான பிறகே மீனைத் தூக்குங்கள். முள் ஆழமாக இறங்கியிருந்தால் நோண்டாமல் லைனை வாயருகே நறுக்கி விடுங்கள்.

ஈயக்குண்டுக்குப் பதில் இரும்பு நட்டு கட்டலாம், அறுந்து விழுந்தாலும் நஞ்சு கிடையாது. வெட்டிய நைலானைக் கரையில் விட்டால் நீர்க்காகத்தின் காலிலும் அலகிலும் சுற்றிக்கொள்ளும், ஒரு பழைய பாட்டிலில் அடைத்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள். உயிர் இரைக்கு வண்ணமீன் கடைக் குஞ்சுகளை வாங்காதீர்கள். ஒரு ஏரியில் பிடித்ததை இன்னொரு ஏரிக்குக் கொண்டு போகாதீர்கள். வாளித் தண்ணீரை மண்ணில் கொட்டி, வலையையும் வாளியையும் ஒரு நாள் வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.