கேனான் லென்ஸ், சோனி பாடி: ஃபோகஸ் அலைச்சல் நின்ற விதம்

கேனான் லென்ஸை அடாப்டர் (இணைப்பு வளையம்) வழியாகச் சோனி கேமராவில் மாட்டும்போது, திரையில் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எண்ணுக்குப் பதிலாக 'எஃப்--' என்று வந்தால் லென்ஸோடு மின்தொடர்பு இல்லை என்று அர்த்தம். திருப்பூரில் பஞ்சுத் தூசிக்குக் கேட்கணுமா! கேமராவை அணைத்துவிட்டு, அடாப்டரின் இரு பக்கப் பின்களையும் லென்ஸ் பின்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட, நூல் உதிராத துணியால் துடைத்தேன். காய்ந்ததும் 'கிளிக்' கேட்கும்வரை திருகிப் பூட்டினேன். எண் வந்துவிட்டது, ஃபோகஸ் மட்டும் முன்னும் பின்னும் அலைந்தது.

அதற்கு மருந்து வேறுங்க. அடாப்டரின் யுஎஸ்பி வழியாக ஃபர்ம்வேரை (அதன் உள்மென்பொருளை) புதுப்பித்து, ஏஎஃப்-சியை (தொடர்ந்து ஃபோகஸ் தேடும் முறை) விட்டு ஏஎஃப்-எஸ் (ஒருமுறை ஃபோகஸ் பிடித்து நிறுத்தும் முறை), நடுப்புள்ளி என்று மாற்றியதும் அலைச்சல் நின்றது. ஃபேஸ் டிடெக்‌ஷன் (ஒளிக்கதிர்களை ஒப்பிட்டு ஃபோகஸை உடனே கணிக்கும் வசதி) இல்லாத கேமரா பாடியில் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து (மவுண்ட்) சென்சார் வரையிலான தூரம் கேனான் இஎஃப் மவுண்டுக்கு 44 மிமீ, சோனி இ மவுண்டுக்கு 18 மிமீ. இடைவெளி 26 மிமீயை நிரப்பும் அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி தேவையில்லை, அதனால் படத்தின் கூர்மையும் குறையாது. முகூர்த்த வீடியோவுக்குக் கையால் ஃபோகஸ் செய்வதே நம்பகம்.