கணுக்காலிகளை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணுக்களுள்ள கால்களும் உடலைப் போர்த்திய வெளிக்கூடும் கொண்ட, முதுகெலும்பற்ற விலங்குகளே கணுக்காலிகள். அவற்றில் சிலந்தி, தேள், பூரான், மரவட்டை எல்லாவற்றையும் பூச்சி என்று சொல்வது பேச்சுவழக்கில் குற்றமில்லை. ஆனால் விலங்கியலில் அது பிழை. உடல் தலை, மார்பு, வயிறு என மூன்றாகப் பிரிந்து, மார்பில் மூன்று இணைக் கால்களும் தலையில் ஓர் இணை உணர்கொம்புகளும் இருப்பதே பூச்சியின் இலக்கணம். சிலந்திக்கும் தேளுக்கும் உணர்கொம்பே கிடையாது. இறாலுக்கும் நண்டுக்கும் இரண்டு இணைகள் உண்டு.

கால்களை மட்டும் எண்ணி முடிவுகட்டுவதும் ஆபத்தானது. கம்பளிப்பூச்சியின் வயிற்றுப் பகுதியிலுள்ள சதைப்பற்றான பொய்க்கால்களையும் சேர்த்து எண்ணினால் அது பூச்சியே அல்ல என்றாகிவிடும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த உண்ணிக்கு ஆறு கால்களே இருப்பதால், சிலந்தியின் உறவான அது பூச்சியாகிவிடும். பூரானுக்கு நூறு கால்கள் என்பதும் அப்படித்தான். வளர்ந்த பூரானின் கால் இணைகள் ஒற்றைப்படையில் அமைவதே வழக்கம் என்பதால், ஐம்பது இணைகளுக்கு அங்கே இடமில்லை.

உள்ளமைப்பைப் பற்றிய தவறுகள் சமையலறையிலேயே தொடங்குகின்றன. இறாலின் முதுகைக் கீறி உருவி எடுக்கும் கறுப்பு இழையைப் பலர் நரம்பு என்கிறார்கள். உண்மையில் அது உணவின் எச்சம் நிறைந்த குடல். முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு நேர்மாறாக, கணுக்காலிகளின் நரம்பு வடம் உடலின் அடிப்புறத்தில் ஓடுகிறது. கிள்ளி எறியும் தலையும் வெறும் தலையன்று: தலையும் மார்பும் ஒரே ஓட்டின்கீழ் இணைந்த அப்பகுதியில்தான் இதயம், இரைப்பை, செவுள்கள் ஆகியவை அடங்கியுள்ளன. நண்டுக்கு வயிற்றுப் பகுதியே இல்லை என்று நினைப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கலாம். அடியில் மடிந்து ஒட்டியிருக்கும் மடலே அதன் வயிறு. ஆணுக்குக் குறுகலாகவும், முட்டைகளைச் சுமக்க வேண்டிய பெண்ணுக்கு அகலமாகவும் அது இருக்கும்.

கடற்கரையில் கிடக்கும் நண்டு ஓடுகள் யாவும் இறந்த நண்டுகளல்ல. கைட்டின் என்ற உறுதியான பொருளாலான வெளிக்கூடு உடலோடு சேர்ந்து வளராததால், அது பின்விளிம்பில் பிளக்க, நண்டு பின்னோக்கி வெளியேறிவிடுகிறது. உள்ளே சதையோ நாற்றமோ இல்லையென்றால் அது பெரும்பாலும் கழற்றிய சட்டைதான்.

தோற்றத்தை நம்பி அறிஞர்களே ஏமாந்ததுண்டு. பாறைகளிலும் படகின் அடியிலும் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டி வாழும் பார்னக்கிளை, உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ், நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளோடு சேர்த்தார்; நீந்தித் திரியும் அதன் இளம் உயிரிகளை ஆராய்ந்து, அது நண்டின் உறவு என்று 1830-இல் காட்டியவர் ஜான் வாகன் தாம்சன். மாறாக, ஒடிசாக் கடற்கரையில் காணப்படும் குதிரைலாட நண்டு நண்டே அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கியது.

பூச்சிகளையும் பூரான்களையும் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளில் வரையும் பழைய உறவு வரைபடங்களையும் இனி பயன்படுத்தக் கூடாது. டி.என்.ஏ. ஒப்பீடுகளின்படி, பூச்சிகள், இறால், நண்டு முதலியவை அடங்கிய கிரஸ்டேசியன்களின் கூட்டத்துக்குள்ளிருந்தே கிளைத்தவை. வீட்டு ஈக்குப் பூரானைவிட இறாலே நெருங்கிய உறவு.