ஊரில நிக்கேக்க திடீரெண்டு வருத்தம் வந்தால் என்ன செய்யிறது

முக்கியமானதை முதலே சொல்லிப்போடுறன். வெளிநாட்டில இருந்து இலங்கைக்குப் போய் ஊரில நிக்கேக்க ஆருக்காவது நெஞ்சு நோ, மூச்சு எடுக்கேலாமப் போறது, முகம் ஒரு பக்கம் கோணி கை கால் இழுக்கிறது, நினைவு தப்புறது, பாம்புக்கடி எண்டு ஏதும் வந்தால் கிட்ட இருக்கிற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, உடன போங்கோ. கொழும்புக்குக் கொண்டு போவம், நல்ல பிரைவேட்டாப் பாப்பம், டிக்கெட்டை மாத்திக்கொண்டு திரும்பிப் போய் எங்கட டொக்டரிட்டயே காட்டுவம் எண்டுற கதையெல்லாம் ஆள் தப்பின பிறகு கதைக்கலாம்.

ஏன் இப்பிடி அடிச்சுச் சொல்லுறன் எண்டால், பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்ள ஏத்தவேணும், யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்பு கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், எவ்வளவு நல்ல வான் பிடிச்சாலும் அந்த நேரத்துக்குள்ள போய்ச் சேரேலாது. மாரடைப்பும் அப்பிடித்தான், பிந்தப் பிந்த இதயத்தின்ர தசை செத்துக்கொண்டே இருக்கும். யாழ் போதனா வைத்தியசாலை, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரியள், வடமராட்சிக்கு மந்திகை, வலிகாமம் வடக்குக்கு தெல்லிப்பளை, இதில எது நீங்கள் நிக்கிற வீட்டுக்குக் கிட்ட எண்டதைப் போய் இறங்கின அண்டைக்கே கேட்டு வைச்சிருங்கோ. பிரைவேட்டில பின்னேரம் சனல் பண்ணி (காசு கட்டி நேரம் எடுத்து) பாக்கிற ஸ்பெஷலிஸ்ட் டொக்டர்மாரில கனபேர் பகலில அரசாங்க ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஆக்கள்தான். அதால அரசாங்க ஆஸ்பத்திரி எண்டு முகம் சுழிக்கிறதில அர்த்தமில்லை.

அம்புலன்ஸுக்கு 1990. இது இலவசம், சுவசெரிய எண்டு பேர், 2016இல தெற்குப் பக்கம் தொடங்கி 2018இல வடக்குக்கும் வந்தது. வெளிநாட்டு ரோமிங் சிம்மில முயற்சி பண்ணி மினக்கெடாம வீட்டில நிக்கிற ஆற்றையும் ஊர் போனில அடியுங்கோ. தமிழில கதைக்கலாம். வீட்டு நம்பரைவிட சந்தி, கோயில், பள்ளிக்கூடம், அதில இருந்து எந்தப் பக்கம் எண்டு சொன்னால்தான் கெதியா வந்து சேருவினம், ஒழுங்கைக்குள்ள வீடெண்டால் ஒரு பொடியனை ரோட்டு முகப்பில நிப்பாட்டுங்கோ. அம்புலன்ஸ் வரப் பிந்தும் எண்டால் பாத்துக்கொண்டு நிக்காம கார், வான், ஓட்டோ எது நிக்குதோ அதில ஏத்துங்கோ.

எங்கட ஆக்களிட்ட ஒரு பழக்கம், நெஞ்சுக்குள்ள என்ன நடந்தாலும் அது வாயு. எங்கட சித்தப்பா லண்டனில இருந்து போய் ஒரு கலியாண வீட்டில நிக்கேக்க வேர்த்து ஒழுகி, சேர்ட் முதுகோட ஒட்டி, வாய் வெளிறிப்போய் கதிரையில சாய்ஞ்சு இருக்கிறார், சுத்தி நிண்ட சனம் சோடா குடுக்குது, இஞ்சி பிளேன்ரீ குடுக்குது, ஒராள் முதுகைத் தடவுறா, காலமை சாப்பிட்டது சமிக்கேல்லை எண்டு ஒராள் சொல்லுறார், நெஞ்சு நோகுதோ எண்டு கேட்டால் இல்லையாம். வான் ஓட்டின பொடியன்தான் இது சரியில்லை அண்ணை ஏத்துங்கோ எண்டு நிண்டவன். ஈசிஜி எடுத்த உடன மாரடைப்பு எண்டு தெரிஞ்சுது. சித்தப்பாவுக்கு சீனி வருத்தம், சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோ இல்லாமலே மாரடைப்பு வரலாம், வேர்வை, களைப்பு, சத்தி, மூச்சு முட்டுறது மட்டும்தான் தெரியும். அதால நோகேல்லை எண்டு அவையே சொன்னாலும் நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ.

ஆஸ்பத்திரி வாசலில கேக்கிற கேள்வியள் எப்பவும் ஒண்டுதான். என்ன வருத்தம் இருக்கு, என்ன மருந்து எடுக்கிறவர், எது ஒத்துக்கொள்ளாது. இதுக்கு வீட்டில இருந்து வெளிக்கிட முதலே ஒரு தாளில எழுதி ஒண்டை பாஸ்போட்டுக்குள்ள, ஒண்டைப் போனில படமா, ஒண்டை கூட வாற ஆளிட்ட எண்டு வைச்சிருங்கோ. எழுதேக்க கொம்பனி பேரை எழுதாதேங்கோ, மருந்தின்ர உண்மையான பேரை எழுதுங்கோ. ரத்தம் உறையாம இருக்க எடுக்கிற எலிகுவிஸ் எண்டால் அங்க உள்ள நேர்ஸுக்கு விளங்காமப் போகலாம், அபிக்ஸபான் எண்டால் விளங்கும். ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கிற ஆள் எண்டால் அதைத்தான் முதல் வசனமாச் சொல்லவேணும், விழுந்து தலை அடிபட்டாலும் சரி, ஊசி போட முதலும் சரி. டைலனோலும் பனடோலும் ஒரே மருந்துதான் எண்டதையும் அம்மா அப்பாவுக்குச் சொல்லி வையுங்கோ, கனடாவில இருந்து கொண்டு போனது ஒண்டு, மாமி குடுத்தது ஒண்டு எண்டு ரெண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு ரெண்டு மடங்காயிடும், ஈரல் தாங்காது. மருந்தெல்லாம் கைப்பெட்டிக்குள்ள, பெட்டியோட, நிக்கிற நாளைவிடக் கொஞ்சம் கூடுதலா. இன்சுலின் வெயிலில நிக்கிற வானுக்குள்ள விட்டால் பழுதாப்போகும்.

வார்ட்டில விட்டால் பயப்பிடவேண்டாம், ஆனா அது லண்டனோ ரொறன்ரோவோ இல்லை எண்டதை மனசில எடுத்துக்கொண்டு போங்கோ. தலகணி, போர்வை, சுடுதண்ணிப் போத்தல், கோப்பை, சவர்க்காரம் நீங்கள்தான் கொண்டுபோகவேணும், சில மருந்து உள்ள இல்லையெண்டால் துண்டு எழுதித் தருவினம், வெளியில பாமசியில வாங்கிக் குடுக்கவேணும், அதுக்கு ஒராள் வாசலில நிக்கவேணும். பார்வை நேரம் இறுக்கம். நேர்ஸ்மாரிட்டயும் அட்டென்டன்மாரிட்டயும் வெளிநாட்டுக்காரர் எண்ட எடுப்புக் காட்டாதேங்கோ, ஒரு வார்ட்டுக்கு எத்தினை பேரைப் பாக்கினம் எண்டு நிண்டு பாத்தால் விளங்கும். டொக்டர்மாரோட தமிழோ இங்கிலீஷோ ரெண்டும் சரிவரும், வெளிநாட்டில பிறந்த பிள்ளையள் கதைக்கப் பயப்பிடத் தேவையில்லை.

இனி காய்ச்சல். மாரி மழையோட, மார்கழி தை மாசத்தில ஊருக்குப் போறாக்களுக்கு இது கட்டாயம் தெரியவேணும், அந்த நேரம்தான் யாழ்ப்பாணத்தில டெங்கு கூட. காய்ச்சல் எண்டால் பனடோல் மட்டும், அட்வில், இபுபுரூபன், வொல்ட்டறன், அஸ்பிரின் ஒண்டும் வேண்டாம், டெங்கு எண்டால் அதுகள் ரத்தப்போக்கைக் கூட்டிப்போடும். (இதயத்துக்கெண்டு ஒவ்வொரு நாளும் அஸ்பிரின் எடுக்கிறாக்கள் நீங்களா நிப்பாட்டாம டொக்டரிட்டக் கேளுங்கோ.) காய்ச்சல் மூண்டாம் நாளும் நிண்டால் ரத்தம் சோதியுங்கோ, கர்ப்பிணியள் முதல் நாளே. டெங்குவில பொல்லாத கட்டம் வாறது காய்ச்சல் விடுற நேரத்திலதான், அதுக்கு முதல் இல்லை. உடம்பு குளிர்ந்திட்டுது, பிள்ளை சுகம் எண்டு வீட்டில எல்லாரும் சந்தோசப்படுற அண்டைக்கு வயித்து நோ, விடாத சத்தி, முரசால ரத்தம், சோர்ந்து தூங்கி வழியிறது, மூத்திரம் குறையிறது இதில ஒண்டு இருந்தாலும் இரவு எண்டு பாக்காதேங்கோ. வயலுக்கையோ வெள்ளத்துக்கையோ இறங்கின ஆளுக்குக் காய்ச்சல் எண்டால் எலிக்காய்ச்சலும் யோசிக்கவேணும், 2024 மார்கழியில வடமராட்சிப் பக்கம் அதால சனம் செத்தது. தண்ணிக்குள்ள இறங்கினதை டொக்டருக்கு நீங்களாச் சொல்லுங்கோ, அவர் கேக்கும் வரைக்கும் நிக்காதேங்கோ.

பாம்பு கடிச்சால் கட்டுப் போடுறது, வெட்டுறது, உறிஞ்சுறது, மந்திரிச்சுப் பார்வை பாக்கக் கொண்டு போறது ஒண்டும் வேண்டாம். கடிச்ச காலை அசைக்காம, மோதிரம் காப்பு கழட்டி, ஆளை நடக்க விடாமத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு, விஷமுறிவு மருந்து அங்கதான் இருக்கு. பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இன்னொராள் கடி வாங்கவேண்டாம். நிலத்தில பாய் போட்டுப் படுத்த ஆள் விடியக்கை காரணமில்லாம வயித்து நோ, கண் இமை விழுகுது, கதை குழறுது எண்டால் அது இரவில கட்டுவிரியன் கடிச்சதாவும் இருக்கலாம், அதின்ர கடி பெரும்பாலும் நோகாது, அடையாளமும் தெரியாமப் போகலாம். நாய் பிறாண்டினாலும் சரி கடிச்சாலும் சரி, ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிப்போட்டு அண்டைக்கே ஊசிக்குப் போங்கோ, எங்கட வீட்டு நாய்தானே எண்டு விடாதேங்கோ.

பயண இன்சூரன்ஸ் இல்லாம வெளிக்கிடவே வேண்டாம் எண்டு கெஞ்சிக் கேக்கிறன். பிரித்தானிய அரசாங்க வைத்திய சேவையான என்எச்எஸ் இலங்கையில ஒரு சதமும் தராது, கனடாவில ஒன்ராறியோ மாகாணத்தின்ர அரசாங்கக் காப்புறுதியான ஓஹிப், ஆஸ்பத்திரியில மறிச்சால் நாளுக்குக் கூடினது 400 டொலர்தான், சுவிஸ் அடிப்படைக் காப்புறுதி அவசரத்துக்குத் தரும், அதுவும் சுவிஸில அதே வைத்தியத்துக்கு முடியிறதின்ர ரெண்டு மடங்கு வரைக்கும்தான். வாங்கேக்க பழைய வருத்தத்தை மறைக்காதேங்கோ, வெளிக்கிட முதல் கிட்டடியில பிரஷர் மருந்தின்ர அளவை மாத்தியிருந்தாக்கூட அதைக் காரணம் காட்டிக் காசு தரமாட்டம் எண்டுற பொலிசியள் இருக்கு, அந்தப் பந்தியை இருந்து வாசியுங்கோ. ஆளை ஆஸ்பத்திரியில சேர்த்து மூச்சு விட்ட உடன இன்சூரன்ஸ் கொம்பனியின்ர 24 மணித்தியால நம்பருக்கு அடிச்சு கேஸ் நம்பர் எடுங்கோ. பிரைவேட்டுக்கு மாத்திறதோ கொழும்புக்குக் கொண்டு போறதோ அவையிட்டக் கேட்ட பிறகு, டொக்டரும் பயணம் தாங்கும் எண்டு சொன்ன பிறகு. பில், மருந்துத் துண்டு, சோதனை ரிப்போர்ட் ஒண்டும் எறியாதேங்கோ.

இன்னொண்டு, போன். ஒராள் ஆஸ்பத்திரியில, ஆனா நோர்வேயில மகள், பிரான்ஸில மகன், கனடாவில தம்பி எண்டு ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டு நிப்பினம், கட்டிலடியில நிக்கிற பிள்ளை அழுதுபோடும். டொக்டரோட கதைக்கிறது ஒராள், வெளிநாட்டுக்குச் சொல்லுறது ஒராள் எண்டு முதல் மணித்தியாலத்திலயே பிரிச்சுவிடுங்கோ. தூரத்தில இருந்து பதறுறாக்களுக்கு ஏதாவது செய்யத்தான் வேணும் எண்டிருக்கும், அவைக்கு இன்சூரன்ஸ் அலுவலையும் டிக்கெட் மாத்திற அலுவலையும் குடுங்கோ, உண்மையா உதவியா இருக்கும்.

ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டுக்கு விடேக்க டயக்னோசிஸ் கார்ட் (என்ன வருத்தம், என்ன வைத்தியம் எண்டு எழுதித் தாற அட்டை) கட்டாயம் வாங்குங்கோ, ஈசிஜி, ஸ்கான் கொப்பியும் கேளுங்கோ. மாரடைப்போ ஒப்பரேசனோ நடந்த ஆளை டொக்டர் பறக்கலாம் எண்டு எழுதித் தராம பிளேனில ஏத்தாதேங்கோ, எயார்லைனுக்கும் முன்கூட்டியே அறிவிக்கவேணும். திரும்பி வந்து ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தாலோ, ஒரு கால் மட்டும் கெண்டைக்காலில வீங்கி நோகினாலோ, நீங்கள் இருக்கிற நாட்டு டொக்டருக்கு வாய் திறந்து முதல் சொல்லவேண்டியது இலங்கைக்குப் போய் வந்தனான், இன்ன திகதி வந்தனான் எண்டு. அந்தக் கார்ட்டையும் கையோட கொண்டுபோங்கோ.