தீபாவளிப் பலகாரப் பெட்டிக்கு அடுக்கு வண்ண அட்டை

முறுக்கு டப்பாவில் கட்டிவிட, கோலமும் வண்ணமும் அடுக்கடுக்காகப் போட்ட சிறு அட்டைகளைச் செய்து பாருங்கள். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள நீர்வண்ணத் தாள் எடுங்கள். மெல்லிய அட்டை ஈரம் பட்டதும் சுருண்டுவிடும். முதலில், வண்ணம் நன்றாகப் பிடிக்க அடியில் பூசும் வெள்ளை ஜெஸ்ஸோ ஒரு பூச்சு, அதன்மேல் வெளிர் அக்ரிலிக் வண்ணம்.

அடுத்து ஸ்டென்சில், அதாவது அட்டைமேல் வைக்கும், வடிவம் வெட்டிய தகடு. இதில்தான் பலருக்குச் சறுக்கும். ஸ்பாஞ்சில் வண்ணத்தைத் தொட்டு, பழைய காகிதத்தில் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுத்துவிட்டு, மேலிருந்து நேராகத் தட்டுங்கள். தேய்த்தால் வண்ணம் அடியில் கசிந்து கோலத்தின் விளிம்பே கலைந்துபோகும். எனக்குக் கோல ஸ்டென்சில்தான் ரொம்பப் பிடிக்கும். புள்ளிகள் அவ்வளவு துல்லியமாக விழும். முடித்ததும் அதை உடனே கழுவிவிடுங்கள், அக்ரிலிக் காய்ந்தால் லேசில் போகாது.

நம் சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் அதிகம். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே பிசுபிசுக்கும். மழை நாளில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டுங்கள்.

ரப்பர் ஸ்டாம்ப் கடைசியில். தண்ணீரில் கரையாத மைதான் வேண்டும்; சாதாரண மை அக்ரிலிக்மேல் நிற்காமல் இழுபடும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸிலுள்ள கலைப்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.