முழங்கால் மாற்றிய பிறகு வீட்டுப் பயிற்சி: மடக்க முதல் நீட்டப் பாருங்கள்

அம்மாவுக்கு ஒப்பரேஷன் செய்து முழங்கால் மூட்டை மாற்றி வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்த சொந்தமெல்லாம் கேட்டது "எவ்வளவு மடங்குது?" என்றுதான். நீளுதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிசியோ காட்டித் தந்ததை நாங்கள் செய்த ஒழுங்கில் எழுதுகிறேன். உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொன்னதுதான்.

1. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுதல். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவையாவது. காலில் இரத்தம் கட்டாமல் இருக்கத்தான் இது.

2. நீட்டுதல். துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் வேண்டாம். தொடைச் சதையை இறுக்கி, முழங்காலைக் கட்டில் பக்கம் அமத்தி, ஐந்து எண்ணி விடவேண்டும். பத்துத் தரம். நோகும். அதைப் பார்த்து யாராவது பாசத்தில் முழங்காலுக்குக் கீழே தலையணை செருகுவார்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கினபடியே இறுகிவிட்டால் பிறகு நடை நொண்டும். அம்மா காலை நீட்டினால் முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவில் முதலில் என் கை முழுக்கப் போனது. பிறகு விரல் நுனிதான் போனது. பாகைமானியை விட இந்தச் சோதனை எனக்குப் பிடித்தது.

3. மடக்குதல். படுத்தபடி குதிக்காலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். விரிப்பில் கால் வழுக்காவிட்டால் ஒரு சொப்பிங் பையைக் கீழே போடுங்கள். கதிரையால் சுலபமாக எழும்ப 90 பாகைக்கும் கொஞ்சம் மேலே மடங்கவேண்டும். குந்தும் கக்கூஸை மறந்துவிடுங்கள், கொமட் கதிரை வாங்குங்கள்.

4. நடை. சில்லு இல்லாத வோக்கர்தான் என் தெரிவு. சில்லு முற்றத்து மணலில் புதையும். தடிக்கு மாறும்போது ஏலாத காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். விறாந்தைப் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஏலாத கால் முதலில்.

பயிற்சி முடிய, துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம்.

பிற்சேர்க்கை: எண்ணெய் பூசி உருவலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காயம் முழுக்க ஆறும்வரை அதில் எண்ணெயும் வேண்டாம், மருந்துப் பத்தும் வேண்டாம். இடுப்பு மாற்றியவர்களுக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது. அவர்கள் பதிந்த கதிரையில் இருப்பது, கால்மேல் கால் போடுவது எல்லாம் டொக்டரைக் கேட்டுத்தான். கெண்டைக்கால் வீங்கி நொந்தால், காயத்தில் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் பயிற்சியை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் பார்த்திருக்காமல், இலங்கையில் என்றால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.